தூரத்திலிருந்து கொடுக்கும் பணத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் குடியேறிய சமூகங்கள் தம் தாயகத்திலோ பிற நாடுகளிலோ இயங்கும் ஆயுதக் குழுக்களுக்கு நிதி திரட்டித் தருவது சரியா என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். எழுதியவர்களில் ஒரு சாரார் சட்டத்தைப் பேசினார்கள். மற்றொரு சாரார் இன உணர்வைப் பேசினார்கள். பணம் போய்ச் சேர்ந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பணம் என்ன செய்தது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் இலங்கைத் தமிழர் பல்லாயிரம் பேர் உயிர் தப்பி வந்து முதலில் கால் வைத்த கரையில் வாழ்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மண்டபம் அகதிகள் முகாம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்து அனுப்பிய அதே இடத்துக்கு, 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எதிர்த் திசையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1990 ஜூனில் மறுபடியும் போர் மூண்டபோது வந்தார்கள். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போன பின் 1996இல் வந்தார்கள். போர்நிறுத்தம் குலைந்த 2006இல் வந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். இரு நாட்டுக் கடற்படைக்கும் பயந்த படகோட்டிகள் பலர், அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அந்தத் திட்டில் நின்றவர்களை நம் மீனவர்கள் ஏற்றிவந்ததை இந்தக் கரையில் என் வயதுடைய எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1996இல் முகாமுக்கு வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தையல் வேலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் தம் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) நகலெடுத்துத் தரும்படி கேட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்துப் பிரித்தார். உறுதியோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும், நான்காக மடித்து மடிப்பில் கிழிந்துபோன ரசீது ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு பவுன் பெற்றுக்கொண்டதற்கு இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், கொடுத்த ரசீது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு இரண்டு பவுன் என்று வாங்கினார்கள் என்றும், பிறகு திருப்பித் தருவதாகச் சொன்னார்கள் என்றும், தாம் தாலிக்கொடியிலிருந்து கொடுத்ததாகவும் சொன்னார். மிஞ்சிய நகை படகுக் கூலிக்குப் போயிற்று. மூத்த மகன் இயக்கத்துக்குப் போனவன். அதற்குப் பின் தகவல் இல்லை. "கனடாவில என்ர தம்பி மாசாமாசம் இயக்கத்துக்குக் காசு குடுக்கிறான். அவன்ர பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். சண்டை முடியவேணும் எண்டு அவனுக்கு என்ன அவசரம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தம்பியின் மேல் அவருக்குப் பாசம் உண்டு. அவன் அனுப்பும் காசில்தான் இளைய மகள் படித்தாள்.

அந்தத் தம்பியை நான் பழிக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1983இல் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டு கொளுத்தியதையும் நேரில் அறிந்த தலைமுறை அது. பிரிவினை கோருவதையே தடைசெய்து, அதே ஆண்டு ஆகஸ்டில் கொண்டுவந்த ஆறாவது அரசியல் சட்டத் திருத்தத்தால் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்தே வெளியேற நேர்ந்தது. வாக்குச்சீட்டின் வழியை அரசே அடைத்த பிறகு, பனி கொட்டும் ஊரில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வோடு வாழ்ந்தவர் கையில் இருந்ததைக் கொடுத்தார். அந்த மனத்தை இந்தக் கரையில் யாரும் ஏளனம் செய்யமாட்டார்கள். 1983இல் நாங்களும் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்கள்தான்.

ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த விவாதத்தை முடிக்க முடியாது என்று நினைக்கிறேன். தன் மக்களிடமிருந்தே அரிசியும் ஆளும் ஒளிவிடமும் பெற வேண்டியிருக்கும் ஆயுதக் குழு, அந்த மக்களின் முகம் சுளிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மக்கள் களைத்துப்போனால் அதற்கும் களைப்பு வரும். பேச்சுவார்த்தைக்கு உட்காரத் தோன்றும். கப்பல் கப்பலாக ஆயுதம் வாங்கும் பணம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து மாதம் தவறாமல் வரும்போது அந்தக் கட்டாயம் விட்டுப்போகிறது. ஊர் வேண்டாம் என்றாலும் போர் நடக்கும். கொடுத்தவர் அதை விரும்பிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. கொடுத்த பணம் அதைத்தான் செய்தது என்பதும் உண்மை. போர் நீண்டால் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டும் சந்தா. அங்கே இருப்பவருக்கு அடுத்த பிள்ளை. இந்த ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டு ஒருவர் பணம் தரலாமா என்பதே என் கேள்வி.

எங்கள் மீனவர் ஊர்களில் பாடு முடிந்து வரும் படகுகளிடம் மகமை பிடிப்பது வழக்கம். கோயில் கொடைக்கும் தேவாலயத் திருநாளுக்கும் ஊர்ச் செலவுக்கும் அது போகும். ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசித்தாக வேண்டும், "இந்தச் செலவு எதற்கு?" என்று எழுந்து கேட்க, ஒற்றை வத்தை (சிறு படகு) வைத்திருப்பவருக்கும் உரிமை உண்டு. கேட்டு, சண்டை வந்து, நிர்வாகிகள் மாறிய ஊர்கள் பல. ஆயுதக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த உரிமை யாருக்கும் கிடையாது. கொடுத்தவருக்கும் கிடையாது, யாருக்காகக் கொடுத்தாரோ அவருக்கும் கிடையாது.

கொடுக்காமல் இருக்கும் உரிமைகூடப் பல இடங்களில் இருக்கவில்லை. 2006 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். 'இறுதிப் போர்' என்று சொல்லி 2005இன் கடைசியிலும் 2006இன் தொடக்கத்திலும் கனடாவிலும் பிரிட்டனிலும் புலிகளுக்காக வீடு வீடாக வந்தவர்கள், கனடாவில் ஒரு குடும்பத்திடம் 2,500 முதல் 5,000 டாலர் வரையிலும், சில வணிகர்களிடம் ஒரு லட்சம் டாலர் வரையிலும் கேட்டார்கள் என்று அது பதிவு செய்திருக்கிறது. தர மறுத்தவர்களிடம், ஊரிலிருக்கும் உறவினர்களை நினைவூட்டினார்கள். ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இல்லையா என்று கேட்டார்கள். கையில் பணம் இல்லாதவர் வங்கியில் கடன் வாங்கிக் கொடுத்தார். மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம் என்பதை மறுக்கவில்லை. மிரட்டப்பட்டவரும் உவந்து கொடுத்தவரும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதும், யார் எந்த வகை என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்தார்கள் என்பதும் அந்தச் சமூகத்தின் பெருந்துயரம்.

அந்தப் பணத்தில் வாங்கிய துப்பாக்கி இராணுவத்தை நோக்கி மட்டும் நீளவில்லை. 1986இல் புலிகளின் போட்டி இயக்கமான டெலோவின் தமிழ் இளைஞர்கள் தெருவில் கொல்லப்பட்டார்கள். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். 1989 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம், 1990 ஜூனில் சென்னையிலேயே ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத் தலைவர் பத்மநாபா, 1999 ஜூலையில் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் என்று தமிழருக்காக வாதாடிய தமிழர்களே சாய்க்கப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர், தமிழே தாய்மொழியான மக்கள், சில மணி நேரம் அல்லது சில நாள் கெடுவில் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் கரையில் முஸ்லிம்கள் வாழும் கீழக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் மன்னாரோடும் யாழ்ப்பாணத்தோடும் தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் இருந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த அக்டோபர் வெறும் செய்தி அல்ல. வெளிநாட்டில் சந்தா கட்டியவர் இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சம்மதம் தந்திருக்கமாட்டார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. அடுத்த மாதச் சந்தாவை நிறுத்தியவர் எத்தனை பேர் என்பதை அவரவர் மனம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே நேதாஜியின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. தங்கள் நாளிதழில் வந்த ஒரு கடிதமும் சொன்னது. நியாயமான கேள்விதான். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமை ஏற்றபோது மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள், எங்கள் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் உட்பட, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் குடியேறிய சமூகம் ஆயுதப் படைக்குப் பணம் கொடுத்ததுதானே அதுவும்? ஆம், அதேதான். ஆனால் நகையைக் கொடுத்த தோட்டத் தொழிலாளி தன் மகனையும் கொடுத்தார். மகள்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். கொடுத்தவர்கள் தாங்களே போருக்கு நடுவில் இருந்தார்கள். படை சீருடை அணிந்து இம்பாலிலும் கோஹிமாவிலும் ஓர் ஏகாதிபத்தியப் படையை எதிர்த்து நின்றது. தோற்ற பின் அதன் அதிகாரிகள் செங்கோட்டையில் உலகம் பார்க்க விசாரணைக் கூண்டில் நின்றார்கள். அப்படியிருந்தும் அந்த வரலாற்றில் ஒரு பகுதியை நாம் பேசுவதில்லை. இந்திய தேசிய இராணுவத்துக்குத் துணை நின்ற அதே ஜப்பான், அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துப் போய் சயாம்–பர்மா இரயில் பாதையில் வேலை வாங்கியது. காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் மடிந்தார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்தவரால் அதைத் தடுக்க முடியவில்லை. நாம் மிகவும் பெருமைப்படும் கொடையிலேயே இவ்வளவு சிக்கல் இருக்கிறது என்றால், மற்றவற்றில் எவ்வளவு கவனம் வேண்டும்?

தென்னாப்பிரிக்காவைச் சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில். கறுப்பினப் போராட்டக்காரர்களைக் காவல்துறை சுட்டுக்கொன்ற ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் 1961 டிசம்பரில் ஆயுதப் பிரிவைத் தொடங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், 1980 நவம்பரில் ஜெனீவா உடன்படிக்கைகளின் விதிகளை மதிப்போம் என்று பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் எழுத்தில் உறுதி கொடுத்தது. அதன் அங்கோலா முகாம்களில் சொந்த ஆட்களையே சித்திரவதை செய்தது தெரியவந்தபோது, ஆட்சிக்கு வரும் முன்பே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மண்டேலா விசாரணைக் குழுக்களை அமைத்தார். பிறகு உண்மை ஆணையமும் அந்தக் கட்சியைக் கண்டித்தது. குற்றமே செய்யாத ஆயுத இயக்கம் உலகில் இல்லை. தன் கணக்கைத் தானே திறந்து காட்டிய இயக்கம் ஒன்று இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். பணம் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியதை நமக்குக் கற்றுத்தருவது இது.

அயர்லாந்துக்காரர்களின் அனுபவமும் தமிழருக்கு மிக அருகில் வருகிறது. 1970இல் நியூயார்க்கில் தொடங்கிய நோரெய்ட் அமைப்பு, சிறையிலிருப்பவர்களின் குடும்பங்களுக்கு என்று சொல்லி அமெரிக்க அயர்லாந்துக்காரர்களிடம் பணம் திரட்டியது. அந்தப் பணம் வட அயர்லாந்தில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் ஆயுதங்களுக்குப் போகிறது என்று அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அரசுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 1984இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆயுதங்களை ஏற்றிய மரிட்டா ஆன் என்ற மீன்பிடிப் படகு அயர்லாந்தின் கரையருகே பிடிபட்டது. அதற்கு முன்பே, 1977 புனித பேட்ரிக் திருநாளில், எட்வர்ட் கென்னடி, டிப் ஓ'நீல் உள்ளிட்ட நான்கு அயர்லாந்து வம்சாவளித் தலைவர்கள் வன்முறைக்குப் பணம் தராதீர்கள் என்று தம் சொந்த மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டார்கள். கைதட்டல் கிடைக்கும் பேச்சு அல்ல அது. வட அயர்லாந்தில் அமைதி கொண்டுவந்த 1998 ஏப்ரல் உடன்பாட்டுக்கு அமெரிக்க அயர்லாந்துச் சமூகம் துணை நிற்க முடிந்ததற்கு, இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிலர் அந்தச் சங்கடமான சொல்லைச் சொல்லிவைத்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். நம்மில் அப்படிச் சொன்னவர்கள் துரோகி என்ற பட்டத்தோடு ஒதுக்கப்பட்டார்கள்.

பணம் நிவாரணத்துக்குத்தான் போயிற்று என்று சொல்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 2004 சுனாமியின்போது வன்னியிலும் கிழக்கிலும் செய்த பணியை அங்கிருந்து வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆயுதம் வைத்திருப்பவரின் ஆட்சியில் அரிசிக்கு ஒருவர் பணம் கொடுத்தால், அரிசிக்கு வைத்திருந்த பணம் தோட்டாவுக்குப் போகும். இரண்டுக்கும் தனித்தனி உண்டியல் இருந்தாலும் பெட்டி ஒன்றுதான். 2007 நவம்பரில் அமெரிக்கா, புலிகளுக்கு நிதி திரட்டியதாகச் சொல்லி, அந்தக் கழகத்தின் சொத்துகளை முடக்கியது. அதேவேளை, சட்டம் போட்ட கோடே நீதியின் கோடு என்றும் நான் ஏற்கமாட்டேன். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட குழுக்களுக்குப் பேச்சுவார்த்தை நடத்தவும் ஐ.நா.விடம் முறையிடவும் பயிற்சி தருவதைக்கூடக் குற்றமாக்கலாம் என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கியைக் கீழே வைக்கக் கற்றுக்கொடுப்பதையும் தடுக்கும் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது? 2001 நவம்பரில் சோமாலியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பி வந்த அல் பரகாத் நிறுவனத்தை, பயங்கரவாதத் தொடர்பு உண்டு என்று சொல்லி அமெரிக்கா முடக்கியபோது, மாதாமாதம் வரும் பணத்தை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் தவித்தன. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரியும் எங்கள் ஊர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்.

இந்தக் கரையும் இதில் கை நனைத்தது என்பதைச் சொல்லாவிட்டால் என் கடிதம் நேர்மையானதாக இருக்காது. எண்பதுகளில் தமிழகத்தில் ஈழப் போராளிகளின் பயிற்சி முகாம்கள் இந்திய அரசின் ஆதரவோடு நடந்தன. அரசியல் கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு நிதி வசூலித்தன. எங்கள் கடற்கரைகளிலிருந்து டீசலும் மருந்தும் இரவோடு இரவாக அக்கரைக்குப் போயின. கொண்டுபோனவர்களில் சிலர் பற்றினால் செய்தார்கள், பலர் காசுக்காகச் செய்தார்கள். 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்ட பிறகு, அதன் விலையைக் கொடுத்தவர்கள் நிதி தந்தவர்களோ கடத்தியவர்களோ அல்லர். எந்தக் குற்றமும் அறியாத முகாம்வாசிகள். கதவு மூடியது, தொண்டு நிறுவனங்கள் உள்ளே போக முடியவில்லை, மாலையில் ஆள் கணக்கு எடுத்தார்கள். எங்கள் தெருவில் பழகியவர்கள் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

போர் முடிந்த 2009ஐப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆயினும் எழுதித்தான் ஆக வேண்டும். ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, ஏறத்தாழ 3,30,000 பொதுமக்கள் நாளுக்கு நாள் சுருங்கிய நிலத்தில் சிக்கியிருந்ததாகச் சொல்கிறது. பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படை எறிகணை வீசியது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எறிகணைகளால்தான் இறந்தார்கள். மக்களை வெளியேற விடாமல் தடுத்தவர்களும், தப்பி ஓட முயன்றவர்களைச் சுட்டவர்களும், சிறுவர்களைக் கடைசி நாள்வரை பிடித்துப் போனவர்களும் விடுதலைப் புலிகள் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டும் மேடைகளும் உண்டு, இரண்டாம் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டும் அரசும் உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற 'பாஸ்' வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் படைக்கு வர வேண்டும். வெளியேறவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்ற நிலையில் வைக்கப்பட்ட மக்களின் பெயரால், டொரன்டோவிலும் லண்டனிலும் இறுதிப் போருக்கு நிதி திரண்டது. பணம் கொடுத்தவர் விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம். அந்த மக்களால் நிறுத்த முடியவில்லை.

அரசுகள் மட்டும் ஆயுதம் வாங்கலாமா, இலங்கை அரசுக்குச் சீனாவும் பாகிஸ்தானும் கொடுக்கவில்லையா என்பார்கள். கொடுத்தன, அந்த நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு, அந்த ஆயுதத்தால் நடந்த கொடுமைக்கு இன்றுவரை ஒரு தளபதிகூட நீதிமன்றத்தில் பதில் சொல்லவில்லை என்பது தமிழருக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி. அதைக் கேட்கும் உரிமை நமக்கு முழுதாக இருக்க வேண்டுமானால் நம் பணத்தைப் பற்றி நம்மையே கேட்டுக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

இது முடிந்துபோன கதையல்ல. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பறித்த பிறகு, வெளிநாட்டில் வாழும் அந்நாட்டு மக்கள் எதிர்ப்புப் படைகளுக்குப் பணம் அனுப்பிவருகிறார்கள். நாடுகடந்த அரசாங்கமாகச் செயல்படுவோர் கடன் பத்திரமே வெளியிட்டார்கள். கிராமங்களின் மேல் குண்டு போடும் இராணுவத்தை எதிர்ப்பவர்களுக்குக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் கொடுக்கும் அந்தப் பிள்ளைகள், தங்கள் படை நிற்கும் கிராமத்தில் ஒரு விவசாயி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடிகிறதா என்பதைக் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும். பதில் கிடைக்காத மாதம் நிறுத்த வேண்டும். 1985 ஜூன் 23இல், சீக்கியத் தனிநாடு கோரிய தீவிரவாதிகள் வைத்த குண்டால், அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். கனடாவின் குருத்வாராக்களில் உண்டியலில் போட்ட சாதாரணச் சீக்கியக் குடும்பங்கள் அந்த விமானத்தை நினைத்தா போட்டன? வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் கைபேசிக்கும் இன்று ஏதேதோ போர்களின் பெயரால், மதத்தின் பெயரால், கோரிக்கைகள் வருகின்றன. படங்களைப் பார்த்து மனம் பதறும் வயது அது. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் இதைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டும். காவல்துறையிடம் சிக்குவாய் என்று பயமுறுத்துவதோடு நிறுத்திவிடக் கூடாது.

2022 மார்ச்சில், பொருளாதாரம் சரிந்தபோது, அதே மணல் திட்டுகளில் மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. போரில் ஏற்கெனவே ஒருமுறை இங்கே வந்து, திரும்பிப் போய், மீண்டும் வந்தவர்களும் அவர்களுள் உண்டு. முன்னாள் போராளிகள் காலில்லாமலும் கையில்லாமலும் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கிறார்கள். காணாமல் போன பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். போருக்கு மாதம் தவறாமல் வந்த பணத்தில் எத்தனை பங்கு இவர்களைத் தேடி வந்திருக்கிறது?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2009க்குப் பிறகு, திரட்டிய நிதியும் பினாமி பெயர்களில் வாங்கிய கடைகளும் நிலங்களும் என்ன ஆயின என்ற கேள்வி புலம்பெயர்ந்த தமிழரிடையே இன்றும் இருக்கிறது. வெளிநாடுகளிலும் படிக்கப்படும் தங்கள் நாளிதழ், இதற்கென்று சில வாரங்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டும். பணம் கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள், திரட்டியவர்கள், முகாமில் இருப்பவர்கள் ஆகிய எல்லோரும் பெயரை வெளியிடாமல் எழுத அதில் இடம் தர வேண்டும். திரட்டியவர்களில் எவரேனும் வரவு செலவைச் சொல்ல முன்வந்தால், அதை அப்படியே, வெட்டாமல் வெளியிட வேண்டும். மண்டபம் முகாமிலிருந்து எழுத விரும்புகிறவர்களின் கடிதங்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.